படம் ஒரு தடம், ஒலி ஒரு தடம்: ஒரு கட்டளைச் சொல்லின் பின்னணி வரலாறு



கேட்டல் கருத்தறிதல் பயிற்சிக்கு ஏற்ற ஒரு காணொளி உங்களுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் தமிழ் ஒலி இருக்கிறது, ஆங்கில ஒலியும் இருக்கிறது. வகுப்பறைக் கணினியில் சிக்கல் இல்லாமல் ஓடட்டும் என்று அதை வேறு வடிவத்துக்கு மாற்றுகிறீர்கள். மாற்றி முடித்ததும் போட்டுப் பார்த்தால் படம் தெளிவாக இருக்கிறது. பேச்சு மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. தமிழ் எங்கே போச்சு? பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லையே!

இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒரே ஒரு கட்டளைச் சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தால் அடுத்த முறை வேறு மாதிரி கோளாறு வரும்போது மறுபடியும் திண்டாடுவோம். அதனால் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். படமும் ஒலியும் எப்படி ஒரே கோப்புக்குள் வந்து சேர்ந்தன என்ற வரலாறு தெரிந்தால், அவை எங்கே பிரிந்துபோகும் என்பதும் தெரிந்துவிடும். வரலாற்றுக் கட்டுரை எழுதப் பழகும் மாணவர்களுக்கு இது காரணம், விளைவு என்று வரிசைப்படுத்திப் பார்க்கும் நல்ல பயிற்சியாகவும் அமையும்.

1. நூறாண்டு பிரிந்திருந்த வயலின்

படமும் ஒலியும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. எடிசன் 1877ஆம் ஆண்டிலேயே ஒலியைப் பதியும் ஃபோனோகிராஃப் கருவியை உருவாக்கிவிட்டார். அசையும் படம் அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் கழித்துத்தான் வந்தது. இரண்டும் வேறு வேறு கருவிகள். இரண்டையும் இணைப்பது தனியொரு வேலை.

அந்த வேலைக்கான மிகப் பழைய முயற்சி ஒன்று இன்றும் நம்மிடம் இருக்கிறது. 1894ஆம் ஆண்டின் இறுதியிலோ 1895ஆம் ஆண்டின் தொடக்கத்திலோ, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் எடிசனின் ‘பிளாக் மரியா’ படப்பிடிப்புக் கூடத்தில் அது எடுக்கப்பட்டது. எடிசனிடம் பணியாற்றிய வில்லியம் டிக்சன், ஒலியைப் பதியும் பெரிய கூம்புக் குழாய் ஒன்றின் முன் நின்று வயலின் வாசிக்கிறார். பக்கத்தில் இரண்டு ஆடவர்கள் சேர்ந்து ஆடுகிறார்கள். படம் ஏறத்தாழ 17 விநாடிதான்.

படம் சுருளில் பதிவானது. வயலின் ஒலி மெழுகு உருளையில் பதிவானது. காலப்போக்கில் இரண்டும் பிரிந்தன. படச்சுருள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உருளை எடிசன் நினைவிடத்துச் சேகரிப்பில் உடைந்து கிடந்தது. 1998ஆம் ஆண்டில் அந்த உருளையைச் சரிசெய்து அதிலிருந்த ஒலியை மீட்டார்கள். மீட்ட ஒலி ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஓடியது. அதில் வயலின் இசை 23 விநாடி. 17 விநாடிப் படம் அந்த 23 விநாடியில் எங்கே பொருந்தும்? படம் எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது? 2000ஆம் ஆண்டில் வால்டர் மர்ச் என்ற புகழ்பெற்ற படத்தொகுப்பாளர் கணினியின் துணையோடு இரண்டையும் பொருத்தினார். நூறாண்டுக்குப் பின் டிக்சனின் வில் அசைய, வயலின் ஒலித்தது.

மாணவர்களே, இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மீட்பில் இரண்டு வேலைகள் நடந்தன. முதல் வேலை, எந்தப் படத்துக்கு எந்த ஒலி என்று கண்டுபிடிப்பது. இரண்டாவது வேலை, எந்த நொடியில் எந்த ஒலி என்று பொருத்துவது. முதலாவது தேர்வு, இரண்டாவது நேரப் பொருத்தம். இன்றைய கணினிக் கட்டளைகளிலும் இவை இரண்டும் தனித்தனிதான். பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

2. இசைத்தட்டும் சுருளும்

அடுத்த கட்டம் திரையரங்கு. 1926ஆம் ஆண்டில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் ‘வைட்டஃபோன்’ என்ற முறையை மக்கள் முன் கொண்டுவந்தது. 1927ஆம் ஆண்டு வெளிவந்து பேசும் படக் காலத்தைத் திறந்துவைத்த ‘த ஜாஸ் சிங்கர்’ இந்த முறையில் வந்ததுதான். படம் சுருளில் இருக்கும். ஒலி 16 அங்குல இசைத்தட்டில் இருக்கும். ஒரு சுருளுக்கு ஒரு தட்டு. படம் ஓட்டுபவர் சுருளில் தொடக்கக் குறியிட்ட படச்சட்டத்தைச் சரியான இடத்தில் வைத்து, தட்டில் அம்புக்குறி போட்ட இடத்தில் ஊசியை வைத்து, இரண்டையும் ஒரே மோட்டாரில் சுழல விட வேண்டும்.

கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாம் சுருளுக்கு நான்காம் தட்டைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? கதாநாயகி வாயசைக்க வேறு யாரோ பேசுவார்கள். சுருள் அறுந்து நான்கு படச்சட்டங்களை வெட்டி ஒட்டினால், அந்த இடத்திலிருந்து பேச்சு பின்தங்கிவிடும். அதைத் தவிர்க்க, வெட்டிய அளவுக்குக் கறுப்புச் சட்டங்களை இடையில் ஒட்டுவார்கள். 1952ஆம் ஆண்டின் ‘சிங்கிங் இன் த ரெயின்’ திரைப்படத்தில் ஒலி பிசகி அரங்கமே சிரிக்கும் காட்சி ஒன்று உண்டு. அது அந்தக் காலத்து உண்மையான தலைவலியிலிருந்து வந்த நகைச்சுவை.

இதற்கு மாற்றாக, ஒலியைப் படச்சுருளின் ஓரத்திலேயே மெல்லிய கோடாகப் பதியும் முறை வந்தது. ஃபாக்ஸ் நிறுவனத்தின் ‘மூவிடோன்’ இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சில ஆண்டுகளில் தட்டு முறை மறைந்து இந்த முறையே நிலைத்தது. இனிப் பிரியவே முடியாது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இங்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. படச்சட்டம் விளக்கின் முன் நின்று நின்று நகர வேண்டும். ஒலிக்கோடோ நிற்காமல் சீராக ஓட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டும் நடக்காது. ஆகவே ஒலியை அதற்குரிய படத்திலிருந்து ஏறத்தாழ 20 சட்டம் தள்ளிப் பதிந்தார்கள். ஒரே சுருளில் இருந்தாலும் படம் ஒரு தடம், ஒலி ஒரு தடம். இரண்டுக்கும் உள்ள உறவு ஒரு கணக்கு.

தட்டுகளின் கதை அதோடு முடியவில்லை. படச்சுருள் ஒரு காப்பகத்தில், தட்டு ஒரு சேகரிப்பாளர் வீட்டில் என்று பல வைட்டஃபோன் படங்கள் ஊமையாகக் கிடந்தன. அவற்றைத் தேடி இணைப்பதற்காகவே 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆர்வலர்கள் சிலர் ‘வைட்டஃபோன் புராஜெக்ட்’ என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். தட்டின் நடுவிலிருந்த ஒட்டுச்சீட்டில் எழுதிய எண்தான் அவர்களுக்கு வழிகாட்டி. பெயரும் எண்ணும் எழுதிவைத்ததால் பல படங்களுக்குக் குரல் திரும்பக் கிடைத்தது. இந்தச் செய்தியை நினைவில் வைத்திருங்கள். நம் கோப்புகளுக்கும் இது பொருந்தும்.

3. சரம் தொடுத்த மாதிரி ஒரு கோப்பு

1990களில் கணினிக்கு அசையும் படம் வந்தது. 1991ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் ‘குயிக்டைம்’ வடிவத்தையும், 1992ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘ஏவிஐ’ வடிவத்தையும் வெளியிட்டன. ஏவிஐ என்பதன் விரிவு ‘ஆடியோ வீடியோ இன்டர்லீவ்’. அதாவது ஒலியும் படமும் மாறி மாறிக் கோத்தது.

பூச்சரம் தொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் மல்லிகை, கொஞ்சம் கனகாம்பரம், மறுபடியும் மல்லிகை. ஏவிஐ கோப்பும் அப்படித்தான். கொஞ்சம் படத் தரவு, கொஞ்சம் ஒலித் தரவு, மறுபடியும் படம். முழுப் படத்தையும் முதலில் வைத்துவிட்டு ஒலியைக் கடைசியில் வைத்தால், அந்தக் காலத்துக் குறுவட்டுக் கருவி இரண்டு இடங்களுக்கும் ஓடி ஓடி எடுக்க முடியாமல் திணறும். அதற்காகத்தான் இந்தச் சரம்.

சரத்தில் எது எந்தப் பூ என்று கண்ணுக்குத் தெரியும். கோப்பில் எப்படித் தெரியும்? ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஓர் எண். ஏவிஐயில் முதல் தடத்தின் துண்டுகளுக்கு 00, இரண்டாம் தடத்தின் துண்டுகளுக்கு 01. ஒன்றிலிருந்து அல்ல, சுழியத்திலிருந்து எண்ணுகிறார்கள். கணினித் துறையின் இந்தப் பழக்கம்தான் பின்னாளில் பலரைத் தவறான ஒலித்தடத்துக்கு இழுத்துச் செல்கிறது.

1990களின் நடுவில் மின்னிலக்கத் தொலைக்காட்சிக்காக உருவான எம்பெக்-2 முறையிலும் இதே எண்ணம்தான். தரவு 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக வரும். ஒவ்வொன்றிலும் ஓர் அடையாள எண். எந்த எண் படம், எந்த எண் எந்த ஒலி என்று சொல்ல ஓர் அட்டவணையும் கூடவே வரும். அதன் பெயர் ‘புரோகிராம் மேப் டேபிள்’. ‘மேப்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் கட்டளையிலும் இதே சொல்தான் வரப்போகிறது. 2019ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பழைய அலைவரிசை ஒளிபரப்பு முழுமையாக நின்றது. அதன் பிறகு நம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியும் இந்த மாதிரி அட்டவணையைப் படித்துத்தான் படத்துக்கு உரிய ஒலியை எடுக்கிறது.

1996ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடி, ஒரு படத்துக்கு 8 ஒலித்தடம் வரை, 32 துணையுரைத் தடம் வரை இடம் தந்தது. 2002ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்ட ‘மட்ரோஸ்கா’ என்ற கட்டற்ற வடிவம் இன்னும் தாராளமாக இடம் தந்தது. எம்கேவி என்று முடியும் கோப்புகள் இந்த வகையே. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய ரஷ்ய மரப்பொம்மையின் பெயரிலிருந்து வந்தது அதன் பெயர். இப்படிப்பட்ட வடிவங்களைக் ‘கொள்கலன்’ என்பார்கள். டிஃபின் கேரியரில் சோறு ஓர் அடுக்கு, குழம்பு ஓர் அடுக்கு, பொரியல் ஓர் அடுக்கு இருக்கிற மாதிரி, கொள்கலனுக்குள் படமும் ஒலிகளும் துணையுரைகளும் தனித்தனித் தடங்களாக இருக்கும்.

4. பிரான்சிலிருந்து வந்த கருவி

2000ஆம் ஆண்டில் ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் ‘எஃப்எஃப்எம்பெக்’ என்ற மென்பொருளைத் தொடங்கினார். முதலில் வரும் இரண்டு ‘எஃப்’ எழுத்துகள் ‘ஃபாஸ்ட் ஃபார்வர்ட்’ என்பதைக் குறிக்கும். இதற்குப் பொத்தான்களோ சாளரமோ கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டச்சு செய்ய வேண்டும். கட்டற்ற மென்பொருள் என்பதால் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். 2011ஆம் ஆண்டில் கருத்து வேறுபாட்டால் ஒரு பிரிவினர் விலகி ‘லிப்ஏவி’ என்ற பெயரில் தனியாகப் போனார்கள். மூலத் திட்டம் தொடர்ந்து வளர்ந்தது. வீட்டில் ‘விஎல்சி’ கருவியில் படம் பார்க்கிறீர்களா? அதற்குள்ளும் எஃப்எஃப்எம்பெக்கின் நிரல் வேலை செய்கிறது. பொத்தான் அழுத்தி மாற்றும் மென்பொருள்கள் பலவற்றின் அடியிலும் இதுதான் இருக்கிறது. அதனால் நீங்கள் கட்டளை வரியைத் தொடாதவராக இருந்தாலும் இதன் விதி உங்களைத் தொடும்.

அந்த விதி என்ன? நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், எஃப்எஃப்எம்பெக் பொதுவாக வகைக்கு ஒரு தடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். படத்தில், நீள அகலம் மிகுந்தது. ஒலியில், சேனல் எண்ணிக்கை மிகுந்தது. துணையுரையில், புதிய கோப்புக்கு ஒத்துவரும் முதலாவது. மற்றவற்றை விட்டுவிடும். இது தவறே அல்ல. பெரும்பாலோருக்கு ஒரு படமும் ஓர் ஒலியும் போதும் என்று கருதி வைத்த ஏற்பாடு.

இப்போது நம் தொடக்கக் கேள்விக்கு வருவோம். ஆங்கில ஒலி திரையரங்கத் தரத்தில் 6 சேனல். தமிழ் ஒலி சாதாரண ஸ்டீரியோ, 2 சேனல். எஃப்எஃப்எம்பெக் எண்ணிப் பார்க்கும். 6 பெரிது, 2 சிறிது. முன்னிருப்புத் தடம் என்ற குறி தமிழுக்கு இல்லாவிட்டால் ஆங்கிலமே வெற்றி. தமிழ் ஒலி வெளியே நின்றுவிடும். யாரும் தமிழை வெட்டவில்லை; யாரும் தமிழைக் கேட்கவும் இல்லை. அதான் நடந்தது. வாழையிலைக் கடையில் என்ன வேண்டும் என்று வாய்திறந்து சொல்லாவிட்டால், பரிமாறுகிறவர் தமக்குத் தோன்றியதை வைத்துவிட்டுப் போவார். குறை அவர் மேல் இல்லை.

வாய்திறந்து சொல்லும் வழிதான் ‘மேப்’.

5. முகவரி எழுதுவது எப்படி?

கீழே வரும் கட்டளைகளை வாசிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அதே ஒலியுள்ள ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கோடு சேர்ந்தே வரும் ‘எஃப்எஃப்புரோப்’ என்ற கருவியிடம் கோப்பின் பெயரைக் கொடுத்தால், உள்ளே எத்தனை தடம், எது படம், எது எந்த மொழி, எத்தனை சேனல் என்று வரிசையாகக் காட்டும். வைட்டஃபோன் தட்டின் ஒட்டுச்சீட்டைப் படிப்பதற்குச் சமம் இது.

பிறகு முகவரி. நம் எடுத்துக்காட்டுக் கோப்பில் தடம் 0 படம், தடம் 1 ஆங்கிலம், தடம் 2 தமிழ் என்று வைத்துக்கொள்வோம். தமிழை மட்டும் வைத்துக்கொள்ளும் கட்டளை இது:

எஃப்எஃப்எம்பெக் -ஐ பாடம்.எம்கேவி -மேப் 0:வி:0 -மேப் 0:ஏ:1 -சி காப்பி தமிழ்ப்பாடம்.எம்கேவி

முதல் எண் கோப்பைக் குறிக்கும். ஒரே கோப்பு என்பதால் 0. அடுத்த எழுத்து வகை: ‘வி’ படம், ‘ஏ’ ஒலி, ‘எஸ்’ துணையுரை. கடைசி எண் அந்த வகைக்குள் வரிசை. ஆக, 0:ஏ:1 என்றால் முதல் கோப்பின் இரண்டாவது ஒலித்தடம். ‘சி காப்பி’ என்றால் தரவை மறுபடியும் சுருக்காமல் அப்படியே எடுத்து வை என்று பொருள். தரமும் குறையாது, நேரமும் மிச்சம்.

எல்லாத் தடமும் வேண்டுமா? ‘-மேப் 0’ என்று எழுதினால் போதும். எல்லாம் வேண்டும், துணையுரை மட்டும் வேண்டாமா? ‘-மேப் 0’ எழுதி, அதன் பின் ‘-மேப் -0:எஸ்’ என்று கழித்தல் குறியோடு எழுதலாம்.

6. கோளாறும் காரணமும்

இனி, அடிக்கடி வரும் சிக்கல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*படம் வருது, சத்தமே வரல.* கட்டளையில் ‘-மேப் 0:வி’ மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் ஒரு தடத்தைப் பெயர் சொல்லிக் கேட்டவுடன், தானாகத் தேர்ந்தெடுக்கும் வேலையை எஃப்எஃப்எம்பெக் நிறுத்திவிடும். படத்தைக் கேட்டீர்கள், படம் வந்தது. ஒலியையும் கேட்க வேண்டும்.

*தவறான மொழி வந்துவிட்டது.* 0:1 என்பதும் 0:ஏ:1 என்பதும் ஒன்றல்ல. முன்னது மொத்த வரிசையில் இரண்டாவது தடம். பின்னது ஒலிகளில் இரண்டாவது. நம் எடுத்துக்காட்டில் முன்னது ஆங்கிலம், பின்னது தமிழ். ஓர் எழுத்து மாறினால் மொழியே மாறிவிடுகிறது. பழைய கையேடுகளில் முக்காற்புள்ளிக்குப் பதில் 0.1 என்று புள்ளி வைத்து எழுதியிருப்பதையும் காணலாம். அது முந்தைய பதிப்புகளின் வழக்கம், இன்று முக்காற்புள்ளிதான்.

*‘எந்தத் தடமும் பொருந்தவில்லை’ என்ற பொருளில் பிழைச் செய்தி வந்து வேலை நின்றுவிட்டது.* இல்லாத தடத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஓர் ஒலி உள்ள கோப்பில் 0:ஏ:1 என்று கேட்டால் கிடைக்காது, ஏனென்றால் எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குகிறது. பல கோப்புகளை ஒரே கட்டளையால் மாற்றும்போது சிலவற்றில் துணையுரை இருக்கும், சிலவற்றில் இருக்காது. அப்போது 0:எஸ்? என்று கேள்விக்குறி சேர்த்தால், ‘இருந்தால் எடு, இல்லாவிட்டால் மேலே போ’ என்று பொருளாகும்.

*‘மேப்’ உள்ளீட்டுக்குப் பொருந்தாது என்று திட்டுகிறது.* இடம் மாறிவிட்டது. உள்ளீட்டுக் கோப்புகளையெல்லாம் முதலில் சொல்லிவிட்டு, வெளியீட்டுக் கோப்பின் பெயருக்கு முன் ‘மேப்’ வர வேண்டும்.

*தனியாகப் பதிவு செய்த குரலைப் படத்தோடு சேர்த்தேன், பழைய குரலே வருகிறது.* இரண்டு கோப்புகளைக் கொடுத்துவிட்டு எதுவும் சொல்லாமல் இருந்தால், மறுபடியும் சேனல் கணக்குதான். ‘-மேப் 0:வி -மேப் 1:ஏ’ என்று எழுதுங்கள். முதல் கோப்பின் படம், இரண்டாம் கோப்பின் குரல். குரல் நீளமாக இருந்து படம் முடிந்த பிறகும் ஓடினால் ‘-ஷார்ட்டஸ்ட்’ சேர்க்கலாம். குறைந்த நீளத்தோடு கோப்பு நின்றுவிடும்.

*சரியான குரல்தான், ஆனால் உதட்டசைவோடு ஒட்டவில்லை.* இங்கேதான் டிக்சனின் வயலினை நினைக்க வேண்டும். ‘மேப்’ செய்வது முதல் வேலை மட்டும்: எது எதோடு. நேரத்தைத் தள்ளிவைப்பது ‘ஐடிஎஸ்ஆஃப்செட்’ என்ற வேறு கட்டளையின் வேலை. ‘மேப்’ எண்ணை எத்தனை முறை மாற்றினாலும் அரை விநாடிப் பிசகு தீராது.

*எம்பி4 கோப்பாக மாற்றும்போது துணையுரையில் பிழை.* எம்கேவி ஏற்கும் துணையுரை வடிவங்கள் எல்லாவற்றையும் எம்பி4 ஏற்பதில்லை. அப்படியே நகல் எடுக்கச் சொன்னால் மறுக்கும். துணையுரையை மட்டும் ‘மூவ்_டெக்ஸ்ட்’ என்ற வடிவத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். தேர்வு சரி, கொள்கலன்தான் பொருந்தவில்லை.

*தமிழும் ஆங்கிலமும் இரண்டுமே கோப்பில் இருக்கின்றன, போட்டால் ஆங்கிலமே ஓடுகிறது.* ஒன்றும் தொலையவில்லை. ஒரு நேரத்தில் ஒரு தடத்தை ஓட்டுவதே ஓட்டும் கருவியின் வழக்கம். அதன் பட்டியலில் ஒலித்தடத்தை மாற்றிப் பாருங்கள். தமிழே முதலில் ஓட வேண்டுமென்றால் ‘டிஸ்பொசிஷன்’ என்ற கட்டளையால் தமிழை முன்னிருப்புத் தடமாகக் குறித்துவிடலாம். இணையப் பாடம் பதிவு செய்யும்போது ஆசிரியர் குரலையும் கணினி ஒலியையும் தனித்தனித் தடமாகப் பதிபவர்களுக்கும் இதே அனுபவம் ஏற்படும்.

7. கரவோக்கே வட்டின் பாடம்

ஒரு வகைச் சிக்கலை ‘மேப்’ தீர்க்கவே தீர்க்காது. அதற்கு நம் வட்டாரத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1993ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட விசிடி, மேற்கு நாடுகளைவிட நம் ஆசிய நாடுகளில்தான் வீடுதோறும் புகுந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கரவோக்கே விசிடி வைத்திருந்த குடும்பங்களுக்கு இது நினைவிருக்கும்: இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒரு பக்கத்தில் பாடகர் குரலோடு பாட்டு, மறுபக்கத்தில் இசை மட்டும். திரைப்பட வட்டுகள் சிலவற்றில் ஒரு பக்கம் மாண்டரின், மறுபக்கம் கான்டனீஸ். ஒரே ஒலித்தடத்தின் இரண்டு சேனல்களை இரண்டு மொழிகளுக்குப் பங்கு போட்டுக்கொண்ட சிக்கனம் அது.

அத்தகைய வட்டை இன்று மாற்றினால் இரண்டு மொழியும் ஒரே நேரத்தில் இரைச்சலாகக் கேட்கும். எஃப்எஃப்புரோப் பார்த்தால் ஒலித்தடம் ஒன்றுதான். 0:ஏ:1 என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். தடம் வேறு, சேனல் வேறு. இங்கே தேவைப்படுவது ‘பேன்’ என்ற ஒலி வடிகட்டி. இடப்பக்கத்தை மட்டும் எடுத்து இரண்டு பக்கமும் ஒலிக்கச் செய்யலாம். பழைய பாட்டு வட்டுகளை வகுப்புக்காக மாற்ற நினைப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

8. நாம் எழுதும் ஒட்டுச்சீட்டு

இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் செய்தி ஒன்றே. ஒலி படத்தோடு இயல்பாக ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. ஒரு குறி, ஓர் எண், ஓர் அட்டவணை அதைக் கட்டிவைக்கிறது. அந்தக் குறி அழிந்தால் ஒலி அநாதையாகும். குறி இருந்தும் யாரும் கேட்காவிட்டால் ஒலி வெளியே நிற்கும்.

மொழி ஆசிரியர்களாகிய நமக்கு இது வெறும் கணினி விவரம் இல்லை. நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் குரல்கள். வாய்மொழித் தேர்வுப் பயிற்சியில் மாணவர் பேசியது, பள்ளி விழாவில் ஒரு பாட்டி சொன்ன கதை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் உரை. அவற்றை மாற்றும்போது படம் வந்துவிட்டதே என்று நம்பி மூலக் கோப்பை அழித்துவிட்டால், விடுபட்ட தடத்தை எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாது. டிக்சனின் உருளை உடைந்திருந்தது. ஆனால் யாரும் அதைத் தூக்கி எறியவில்லை. அதனால்தான் நூறாண்டு கழித்தும் ஒலி கிடைத்தது.

ஆகவே மூன்று பழக்கங்கள். மாற்றுவதற்கு முன் தடங்களைப் பாருங்கள். வேண்டியதை வாய்திறந்து கேளுங்கள். மாற்றிய கோப்பை முழுதாகக் காது கொடுத்துக் கேட்கும்வரை மூலத்தை அழிக்காதீர்கள்.

இன்னொன்றும் செய்யலாம். ஒலித்தடத்துக்கு மொழிப் பெயர் எழுதிவையுங்கள். உலகத் தர நிர்ணயத்தில் தமிழுக்கு ‘டி, ஏ, எம்’ என்ற மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. ‘-மெட்டாடேட்டா:எஸ்:ஏ:0 லாங்குவேஜ்=’ என்று எழுதி அந்த மூன்று எழுத்தையும் சேர்த்தால், முதல் ஒலித்தடத்தின் மேல் ‘இது தமிழ்’ என்ற சீட்டு ஒட்டியாயிற்று. அதற்குப் பிறகு தடம் எத்தனையாவது என்று எண்ணத் தேவையில்லை. ‘-மேப் 0:எம்:லாங்குவேஜ்:’ என்பதோடு அதே மூன்று எழுத்தைச் சேர்த்துத் தமிழைப் பெயர் சொல்லியே அழைக்கலாம். நாளை அந்தக் கோப்பைத் திறப்பவர் நம்மை அறியாதவராக இருந்தாலும் அது எந்த மொழி என்று தெரிந்துகொள்வார்.

மாணவர்களுக்குச் சிந்தனை வினாக்கள்

1. வைட்டஃபோன் முறை கைவிடப்பட்டதற்கான காரணங்களைக் கட்டுரையிலிருந்து எடுத்து, அவற்றின் விளைவுகளோடு இணைத்து ஒரு பத்தி எழுதுக.

2. ‘தேர்வு’, ‘நேரப் பொருத்தம்’ ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை டிக்சன் படத்தையும் இன்றைய கணினிக் கட்டளையையும் சான்றாகக் கொண்டு விளக்குக.

3. ஒரு கோப்பில் தடம் 0 படம், தடம் 1 மாண்டரின், தடம் 2 மலாய், தடம் 3 தமிழ். தமிழ் ஒலியைக் குறிக்கும் முகவரியை இரண்டு வகையில் எழுதுக.

மூன்றாம் வினாவுக்கு விடை: 0:3 அல்லது 0:ஏ:2. இரண்டும் ஏன் ஒரே தடத்தைக் குறிக்கின்றன என்பதைப் பக்கத்தில் இருக்கும் நண்பருக்கு விளக்கிச் சொல்லிப் பாருங்கள். தடங்களை விரல்விட்டு எண்ணும்போது சுழியத்திலிருந்து தொடங்குங்கள்.